ஹூப்ளியின் தலைப்பிரசவம்

ஜூலை 2

டாக்டரம்மா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். நான்காம் வகுப்போடு நின்றவன் நான். இருபத்தெட்டு வருடமாக லாரி ஓட்டி, ட்ரிப் நோட்டில் ஊர் பெயரும் லோடு பெயரும் எழுதி எழுதி வந்த கையெழுத்து இது. இந்த நோட்டும் ட்ரிப் நோட்டுதான். முன் பாதியில் சூரத், புனே. பின் பாதி இனி ஹூப்ளிக்கு.

ஹூப்ளி என்றால் ஊர் இல்லை, எங்கள் நாய். மூன்று வருடம் முன்பு ஹூப்ளி தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தியபோது, என் டயருக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்ட குட்டி. கேபினில் தூக்கிப் போட்டு நாமக்கல் கொண்டு வந்தேன். கொண்டு வந்தது நான், வளர்த்தது என் மனைவி சம்பூரணம். எங்கள் வீட்டில் எல்லா விஷயமும் அப்படித்தான்.

போன மாதம் தீவன லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்தேன். வலது காலில் மாவுக்கட்டு. லாரி வாசலில் நிற்கிறது, நான் கட்டிலில் கிடக்கிறேன், ஹூப்ளி மட்டும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஊர் சுற்றுகிறது. இன்று மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். யாருக்கு வைத்தியம் என்று ஆட்டோக்காரருக்கே குழப்பம்.

டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் ஆச்சு. ஆகஸ்ட் நாலு, முன்ன பின்ன இருக்கும். தலைப்பிரசவம், கவனமா இருங்க. கடைசி வாரம் தினமும் உடம்புச் சூடு பாத்து எழுதி வைங்க. நூத்தி ஒண்ணு இருக்கும். தொண்ணூத்தொம்பதுக்குக் கீழ இறங்குச்சுன்னா ஒரு நாளைக்குள்ள குட்டி போட்டுரும்" என்றார். பிறகு, "அப்பன் யாரு?" என்று கேட்டார்.

"ரைஸ் மில் செவலை நாய் மேல சந்தேகமுங்க மேடம். கேட்டா ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கறாங்க."

டாக்டரம்மா சிரித்தார். சம்பூரணம் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னாள்: "ஒரு பொறப்புக்கும் ஊர்ல இல்லாத ஆளு நீங்க. இதுக்காச்சும் இருப்பீங்களா?"

"கால்ல கட்டோட எங்க புள்ள போவேன்?"

"கட்டு இருவதாந் தேதி பிரிச்சுருவாங்க. குட்டி நாலாந் தேதி."

கணக்குப் போட்டுத்தான் கேட்டிருக்கிறாள். "இருப்பேன், எழுதி வேணாத் தர்றேன்" என்றேன். "எழுதுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 4 அன்று வீட்டில் இருப்பேன். இப்படிக்கு அர்த்தநாரி.

ஜூலை 5

விசேஷம் இல்லை. ஹூப்ளி மூன்று முறை சாப்பிட்டது. நான் இரண்டு முறை.

ஜூலை 9

ஹூப்ளிக்கு ராகிக் களி, அவித்த முட்டை, ஈரல். எனக்கு நேற்றைய இட்லியை உதிர்த்த உப்புமா.

"கால் ஒடிஞ்சவனுக்கு உப்புமா, வாலு இருக்கறவளுக்கு ஈரலா? இது எந்த ஊரு ஞாயம்?"

"நீங்களும் நாலு குட்டி சுமங்க. ஈரல் என்ன, எலும்பு சூப்பே வெச்சுத் தர்றேன்."

சும்மா விடுவேனா. உனக்கு நான் ஒன்றும் குறை வைக்கவில்லை, மைதிலி பிறந்தபோது நாசிக் வெங்காயம் ஒரு மூட்டை, கௌரிசங்கர் பிறந்தபோது நாக்பூர் ஆரஞ்சு ஒரு கூடை கொண்டு வந்தேன் என்றேன். மைதிலி கல்யாணமாகிக் கரூரில் இருக்கிறாள். கௌரிசங்கர் ஓசூரில் கம்பெனி வேலை. இந்த வெங்காய ஆரஞ்சுக் கதையை அவர்கள் நூறு முறை கேட்டிருப்பார்கள்.

சம்பூரணம் ராகியைக் கிண்டிக்கொண்டே, "மூணாவதையும் சொல்லுங்க" என்றாள்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். அவள் மூன்று என்றாள். நான் திருத்தவில்லை. உப்புமாவில் உப்பு குறைவு, அதையும் சொல்லவில்லை.

ஜூலை 14

குட்டி போட ஹூப்ளிக்குப் பெட்டி வேண்டும். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குக் கட்டுப் போட்ட காலோடு போய் மிச்சப் பலகையில் ஒன்று செய்யச் சொன்னேன். அவர்களுக்கு லாரி பாடிதான் தெரியும். அதனால் நான்கடி நீளத்தில் ஒரு குட்டி லாரி பாடி வந்துவிட்டது. பின்பக்கம் கீல் வைத்து இறக்குகிற கதவு, கொக்கி, சங்கிலி எல்லாம் உண்டு. பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

பெயின்டர் இஸ்மாயில் அங்கேதான் இருந்தான். "மஞ்சள் அடிச்சு செவப்புல பூ போட்டுரட்டுங்களாண்ணா?" என்றான். போடு என்றேன். பிரஷ்ஷை நனைத்துவிட்டு, "பேரு?" என்றான்.

எங்கள் பக்கத்து லாரிகளில் முன்கண்ணாடிக்கு மேலே பிள்ளைகள் பெயரை எழுதுவோம். சாமி பெயருக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான். "எத்தனை குட்டின்னு தெரியாம எப்படிடா? ஆறு பேருக்கு இடம் விட்டு வை" என்றேன். பட்டறையே சிரித்தது.

எட்டு வருடம் முன்பு சொந்த லாரி எடுத்தபோதும் இஸ்மாயில்தான் வாசலில் ஏணி போட்டு எழுதினான். அன்றைக்கும் கேட்டான்: "எத்தனை பேருங்கண்ணா?" ரெண்டு என்றேன். சம்பூரணம் டீ டம்ளரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த டீயில் சர்க்கரை இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது எதற்கு அது ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை.

ஜூலை 16

பெட்டி வந்தது. தெருவே வந்து பார்த்தது. பார்க்க வேண்டியவள் மட்டும் பார்க்கவில்லை. பக்கத்தில் கொண்டுபோனதும் ஹூப்ளி நான்கு தும்மல் போட்டுவிட்டு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஈரலை உள்ளே வைத்துப் பார்த்தேன். கழுத்தை மட்டும் நீட்டி ஈரலை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"பெறப் போறவ பெயின்ட் நாத்தத்துல படுப்பாளா? அதுக்கு மூக்குதானுங்க கண்ணு. யாரக் கேட்டு அடிச்சீங்க?"

"அழகா இருக்கட்டும்னுதான்..."

"அழகு எப்பவும் உங்களுக்குத்தான்."

பெட்டியை வெயிலில் வைத்திருக்கிறேன். காகம் ஒன்று வந்து உட்கார்ந்து பார்த்தது. அதற்குப் பிடித்திருக்கிறது.

ஜூலை 20

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த கால் என்னுடையது மாதிரியே இல்லை, யாரோ ஒல்லிப் பையனுடையது மாதிரி இருக்கிறது. இரண்டு வாரம் நடந்து பழகிய பிறகு வண்டி எடுக்கலாம் என்றார்கள்.

வீட்டுக்கு வருவதற்குள் லோடு புரோக்கர் ராமலிங்கம் போன் செய்துவிட்டார். அவருக்கு ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறதோ என்னவோ.

ஜூலை 22

ஹூப்ளிக்கு இடம் தேடும் வேலை ஆரம்பமாகிவிட்டது. மண்ணைத் தோண்டுகிறது, என் லுங்கியை இழுத்துப் போய்க் கிழிக்கிறது, கட்டிலுக்கு அடியில் சுற்றிச் சுற்றி வருகிறது. கடைசியில் கொட்டகை மூலையில் மடித்துக் கிடக்கும் பழைய தார்ப்பாய் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. என் காலை ஒடித்த அதே தார்ப்பாய். டீசலும் மழையும் நாறும். அதுதான் பிடித்திருக்கிறதாம்.

"வெறும் தார்ப்பாய் வழுக்கும். மேல பழந்துணி போடோணும்" என்று சம்பூரணம் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்தாள். பழைய நூல் சேலையைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, ஓரம் தைத்து, மடித்து வைத்திருந்தது. பிறந்த பிள்ளைக்குச் சுற்றுகிற துணி. ஒன்றில்கூடக் கறை இல்லை.

"மைதிலியோடதா?" என்றேன்.

"மூத்ததுக்குக் கிழிச்சு வெச்சது. மைதிலிக்கு வேற கிழிச்சேன்."

நான் வெளியே வந்து லாரி டயர்களுக்குக் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தேன். பத்து டயரையும் தட்டினேன். ஒன்றரை மாதமாக நகராத வண்டி. காற்று எங்கே போகும்?

ஜூலை 23

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை, சம்பூரணத்துக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது.

மைதிலிக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இருபத்தைந்து வருடம் ஆகிறது. அப்போது நான் இன்னொருவர் லாரியில் டிரைவர். ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு இந்தூர் போயிருந்தேன். சம்பூரணம் பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தாள். நாளுக்கு முன்னாலேயே வலி எடுத்து, குழந்தை ஐந்து நாள் இருந்து, போய்விட்டது. நான் வந்தது ஒன்பதாம் நாள்.

எல்லாரிடமும் நான் சொன்னது, எனக்குச் செய்தி வரவில்லை என்று.

செய்தி வந்தது. இந்தூர் லாரி ஆபீஸில் இறங்கியதுமே குமாஸ்தா சொன்னார்: குழந்தை பிறந்திருக்கிறது, சரியாக இல்லையாம், உடனே வரச் சொன்னார்கள் என்று. அன்றைக்கே ரயில் ஏறியிருந்தால் மூன்றாம் நாள் வந்திருப்பேன். வண்டியை விட்டுவிட்டு வந்தால் முதலாளி என்ன சொல்வாரோ என்று பயம். குழந்தைகளுக்கு இதெல்லாம் வரும், போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று நாள் காத்திருந்து சோயா மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தேன். கையில் ஒரு டஜன் குட்டி வளையல்.

எல்லாம் முடிந்திருந்தது. சம்பூரணம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆளைச் சிரிக்க வைப்பது. "விடு புள்ள, அடுத்த ட்ரிப்புல பாத்துக்கலாம்" என்றேன்.

அந்தச் சொல்லை இன்றுவரை அவள் எடுத்துக் காட்டியதில்லை. ஒரு சண்டையில்கூட இல்லை.

ஜூலை 29

உடம்புச் சூடு: 101.2. தெர்மாமீட்டர் வைக்கும் இடம் வாய் இல்லை. டயருக்குக் காற்றுப் பார்க்கிற மாதிரி ஹூப்ளியின் பின்பக்கம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அது திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, செக்போஸ்ட்டில் என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை.

ஜூலை 31

101.0.

ராமலிங்கம் போன். இந்தூருக்கு ஜவ்வரிசி. மூன்றாம் தேதி காலை கிளம்ப வேண்டும். நல்ல லோடு, இரண்டு மாதம் சும்மா நின்ற வண்டி, வேறு யாருக்கும் தரமாட்டேன் அர்த்தநாரி என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்த பிறகுதான் ஊர் பெயர் உறைத்தது.

சம்பூரணத்திடம் சொல்லவில்லை. அவள் கொட்டகையில் துணி விரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சாயங்காலம் ராகி டப்பாவை எடுத்துக் காட்டி, "இதுல இருந்து நாலு கரண்டி, முட்டை ரெண்டு, தண்ணி எப்பவும் பக்கத்துல இருக்கோணும்" என்று எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் செய்கிற வேலைக்குத் துணை ஆள் பிடிக்கிறாள். நான் போய்விடுவேன் என்றே வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 1

100.8.

காலையிலேயே போன் செய்தேன். "லோடு வேண்டாமுங்க. வீட்டுல பிரசவம்."

"மைதிலிக்கா? சொல்லவே இல்லையே!"

"ஹூப்ளிக்குங்க."

சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பு இந்நேரம் லாரி ஸ்டாண்டு முழுக்கப் போயிருக்கும். சிரிக்கட்டும். ஊரைச் சிரிக்க வைத்தே வாழ்ந்தவன் நான்.

சம்பூரணம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள் என்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. மத்தியானம் எனக்கும் ஈரல் வந்தது.

ஆகஸ்ட் 3

காலை 100.1. சாயங்காலம் 98.4.

ஹூப்ளி ஈரலை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். நாளைக்குள் என்றார். கத்தரிக்கோல், நூல், வெந்நீர்ப் பாத்திரம், துணி எல்லாம் தயார். நானும் தயார். கொட்டகைக்கு முன்னால் ஸ்டூல் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 4

விடிந்ததிலிருந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஹூப்ளிக்கு மூச்சு வாங்கியது, உடம்பு நடுங்கியது. முக்க ஆரம்பிக்கும், என்னைப் பார்க்கும், எழுந்துவிடும். வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு என் காலை நக்கும். மறுபடி போய்ப் படுக்கும். மறுபடி எழும். பத்து மணி வரை இதே கதை. எனக்கு வியர்த்துவிட்டது.

சம்பூரணம் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். "யாராவது பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருக்கீங்களா?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. சம்பூரணம் என்னைப் பார்த்தாள்.

"அக்கட்டால போங்க. உங்களுக்கு மரியாதை பண்ணிப் பண்ணியே அது எந்திரிக்குது."

"நீதானே புள்ள இருக்கச் சொன்னே?"

"கூப்புட்டாக் கேக்கற தூரத்துல இருங்கன்னுதான் சொன்னேன். கண்ணு முன்னால வந்து குத்தவைங்கன்னு யாரு சொன்னாங்க?"

வாசலில் நின்ற லாரியில் ஏறி என் சீட்டில் உட்கார்ந்தேன். இரண்டு மாதத்தில் முதல் முறை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எங்கும் போகாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் சம்பூரணமும் வந்தாள். "நானும் வெளிய வந்துட்டேன். தனியா விட்டாத்தான் அது மனசு வெக்கும்" என்று சொல்லிப் படியில் உட்கார்ந்தாள். நான் மேலே, அவள் கீழே. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"அன்னிக்கு இந்தூர்ல எனக்குச் சேதி வந்துச்சு புள்ள. வரலைன்னு பொய் சொன்னேன்."

அவள் திரும்பவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"இங்கத்த லாரி ஆபீசுக்காரரு அன்னிக்கே எங்கப்பாகிட்ட வந்து சொன்னாரு, இந்தூருக்குப் பேசியாச்சு, ஆளுகிட்டச் சொல்லியாச்சுன்னு. நான் அஞ்சு நாளும் வாசலையே பாத்துட்டுப் படுத்திருந்தேன்."

இருபத்தைந்து வருடம். வெங்காயக் கதை, ஆரஞ்சுக் கதை, ஒவ்வொரு முறையும் நான் சொல்ல, இவள் சட்டியைக் கிண்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்ன சொல்லுவீங்க? ஏதாச்சும் சிரிக்கச் சொல்லுவீங்க."

ஒரு கிண்டலும் வாயில் வரவில்லை. அப்போது கொட்டகையிலிருந்து சின்னதாக ஒரு சத்தம், கீல் திறக்கிற மாதிரி. சம்பூரணம் எழுந்து ஓடினாள். நான் உட்கார்ந்தே இருந்தேன், கூப்பிடட்டும் என்று.

"ஏனுங்க! வாங்க!"

இந்தூரிலிருந்து ஒன்பது நாள். லாரியிலிருந்து பதினோரு எட்டு. நொண்டிக்கொண்டே எண்ணினேன்.

முதல் குட்டி செவலை. ரைஸ் மில்காரன் மாட்டிக்கொண்டான். அடுத்தது கறுப்பு, அடுத்தது செவலை, நான்காவது வெள்ளைக் காலோடு கறுப்பு. ஹூப்ளி ஒவ்வொன்றையும் நக்கி நக்கிச் சத்தம் போட வைத்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் எல்லாம் தெரிகிறது அதற்கு.

ஐந்தாவது வர ரொம்ப நேரம் ஆயிற்று. வந்தது, ஆனால் அசைவில்லை. ஹூப்ளி நக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. சம்பூரணம் மூட்டையிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா சொன்ன மாதிரி வாயைத் துடைத்து, தலையைத் தாழ்த்திப் பிடித்து, முதுகைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு முறை வாய் திறந்த மாதிரி இருந்தது. பிறகு இல்லை. சம்பூரணம் என் கையைப் பிடித்து, "போதுங்க" என்ற பிறகுதான் நிறுத்தினேன்.

முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி. பெண் குட்டி.

அதே துணியில் சுற்றி, முருங்கை மரத்தடியில் குழி தோண்டினேன். கால் வலித்தது. இரு, நான் தோண்டுகிறேன் என்று அவள் சொல்லவில்லை. பக்கத்திலேயே நின்றாள். மண்ணைத் தள்ளி முடித்த பிறகு சொன்னாள்:

"அவளுக்கு நான் பேரு வெச்சிருந்தேன். அஞ்சு நாளும் அந்தப் பேரு சொல்லித்தான் கூப்புட்டேன். காது கேட்டுச்சு அவளுக்கு. திரும்பிப் பாத்தா."

"என்ன பேரு?"

"சுகந்தி."

என் மகள் பெயர் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். எழுதி வைக்கிறேன். சுகந்தி.

ஆகஸ்ட் 6

நான்கும் பால் குடிக்கின்றன. மஞ்சள் பெட்டி வெயிலிலேயே கிடக்கிறது. இப்போது நாற்றம் போய்விட்டது. நடக்க ஆரம்பித்தால் அதில் விடலாம் என்று சம்பூரணமே சொன்னாள். இனி உடம்புச் சூடு எழுத வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எழுதிப் பழகிவிட்டது, என்ன செய்ய.

ஆகஸ்ட் 11

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்டுவதற்கு முன் லாரிக்குப் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டும். இஸ்மாயில் வாசலில் ஏணி போட்டான். முன்பக்கத்தைச் சுரண்டி, மஞ்சள் அடித்து, சாக்பீஸில் கோடு இழுத்துவிட்டு, "பழைய பேருங்களே தானுங்களாண்ணா? மைதிலி, கௌரிசங்கர்?" என்றான்.

"மூணு பேரு."

"மூணுங்களா?" கீழே குட்டிகளோடு படுத்திருந்த ஹூப்ளியைப் பார்த்துச் சிரித்தான். "இதோட குட்டி பேரா?"

நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்காமல் இருந்து அவன் பார்த்ததே கிடையாது. பிரஷ்ஷைக் கீழே இறக்கிவிட்டான்.

"ரெண்டுக்கு முன்னால ஒண்ணு. சுகந்தின்னு எழுது. முதல்ல அதுதான் வரோணும்."

கோட்டை அழித்துவிட்டு மூன்றாகப் பிரித்துப் போட்டான். 'சு' எழுதி முடித்தபோது சம்பூரணம் டீ கொண்டு வந்தாள். இஸ்மாயில் ஏணியிலிருந்தே கேட்டான்: "இது யாருங்கக்கா?"

"எங்க மூத்தவ" என்றாள் சம்பூரணம். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல், அவன் கடைசி எழுத்தைப் போட்டு முடிக்கும் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

டீயில் சர்க்கரை அதிகம். சொல்லவில்லை.

காய இரண்டு நாள் ஆகும், அதுவரை வண்டி எடுக்காதீங்க என்றான் இஸ்மாயில். நன்றாகக் காயட்டும், எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை என்றேன்.